பரம்பில் பூத்த ஆவாரை: நெல்லைச் சீமைப் பயணக் குறிப்புகள்

ஜனவரி 21, செவ்வாய்: ரெட்டியார்பட்டி

பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரிக்குச் செல்லும் நான்குவழிச் சாலை ரெட்டியார்பட்டி மலையைப் பிளந்துகொண்டு போகும் இடத்தில், வெட்டுப்பட்ட பாறைக்கும் சாலையோரக் கம்பித் தடுப்புக்கும் நடுவே கிடக்கும் சரளை மண்ணில் ஆவாரை அடர்த்தியாகப் பூத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கிற செடிதான் என்றாலும், வடகிழக்குப் பருவமழை நின்று பனி விழத் தொடங்கும் இந்த வாரங்களில்தான் கிளை நுனிகளெல்லாம் கொத்துக் கொத்தாக மஞ்சளாகின்றன.

விடுதியில் அறை எடுக்கும்போது வருகையின் நோக்கத்தைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். “ஆவாரம்பூ பார்க்க” என்று நான் எழுதியதை இரண்டு முறை படித்த வரவேற்பாளர், “அண்ணாச்சி, அது எங்க வீட்டுக்குப் பின்னாலயே நிக்குதுல்லா” என்று சொல்லிவிட்டு, குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு என்று நான் போயிருக்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் மழைக்காட்டுக்குள் இந்தச் செடியைத் தேடிப் பயனில்லை. உழவுக்கு உதவாத சரளை நிலம், பொத்தை எனும் சிறு பாறைக்குன்றின் அடிவாரம், குளத்தங்கரை, தண்டவாள ஓரம், ஊருக்கும் வயலுக்கும் இடையில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் புறம்போக்கு ஆகியவைதான் இதன் வாழிடம். மலையடிவாரத்திலிருந்து கடற்கரையோரச் செம்மணல் மேடான தேரி வரை அந்த நிலங்களின் வழியே போவதுதான் என் திட்டம்.

செடி என் மார்பளவு உயரம் இருந்தது. இலைக்காம்பின் இருபுறமும் எதிரெதிராகச் சிற்றிலைகள் அமைந்திருக்க, ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கிறது. அதில் ஊறும் இனிப்புக்காக எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. பூவிலோ தேன் கிடையாது. ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள் இருக்கின்றன. மேல்பக்கத்து மூன்று குறுகி மலடாகிவிட்டவை. மற்றவற்றின் பைகள் நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் துளை மட்டுமே உண்டு. ஆகையால் பூவுக்கு வருகிற கருவண்டு தாள்களைக் கால்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்கிறது. துளையிட்ட மூடியுள்ள முகப்பவுடர் டப்பாவைக் குலுக்கியதுபோல மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டுகிறது. பறக்கும்போது கேட்கும் ரீங்காரம், பூவைப் பற்றியவுடன் சுருதி ஏறிக் கீச்சென்று மாறுவதைக் காதாலேயே கண்டுகொள்ளலாம். லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் அது கேட்டது.

வெள்ளாடுகளை ஓட்டி வந்த பெரியவர் நெடுநேரம் என்னைக் கவனித்துவிட்டு, அளவெடுக்க வந்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. ஆடுகள் ஆவாரையைத் தொடாமல் அதனடியில் இருந்த புல்லை மட்டும் கரம்பிக்கொண்டிருந்தன. “வேற ஒண்ணும் இல்லன்னா நுனியக் கடிக்கும். இல்லன்னா தொடாது. அதனாலதான் இது நிக்கி” என்றார். தாவர நூல்கள் ஒரு பக்கம் எழுதுவதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

வெயில் பத்து மணிக்கே உறைத்தது. சாலையோரக் கடையில் கருப்பட்டிக் காப்பி இருபது ரூபாய். பக்கத்துக் கடையில் “ஆவாரம்பூ டீ, சர்க்கரை நோய் தீரும்” என்று பலகை வைத்திருந்தார்கள், குடித்துப் பார்த்தேன். துவர்ப்பும் பச்சைப் பயற்றின் வாசனையுமாக, சீனி போடாவிட்டாலும் குடிக்கும்படியாகத்தான் இருந்தது. நோய் தீரும் என்ற வாக்குறுதியை மட்டும் கடைக்காரரே நம்பியதாகத் தெரியவில்லை. அவர் குடித்துக்கொண்டிருந்தது பால் டீ.

ஜனவரி 22, புதன்: ஆதிச்சநல்லூர்

தைப்பூசம் நெருங்குவதால் திருச்செந்தூர் சாலை முழுவதும் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம். பேருந்து ஊர்ந்துதான் சென்றது. நடத்துநர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஏறுகிற ஒவ்வொரு பாட்டியின் கூடையையும் தானே வாங்கி உள்ளே வைத்தார்.

ஆதிச்சநல்லூர் மேட்டை ஊர்க்காரர்கள் பரம்பு என்கிறார்கள். ஒரு பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் செழித்து நிற்க, மறுபக்கம் வெண்கல் சிதறிய இந்த மேடு புல்கூடச் சரியாக முளைக்காத நிலமாக எழுந்து நிற்கிறது. விளையாத நிலம் என்பதாலேயே பழங்காலத்தவர் இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைக்க இதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டிப் பார்த்ததும், அதன்பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்ததும், 2023இல் தாழிகளை எடுக்காமல் இருந்த இடத்திலேயே கண்ணாடியிட்டுக் காட்டும் அருங்காட்சியகம் அமைந்ததும் பலரும் எழுதிவிட்ட செய்திகள். என் கண்ணுக்கு வேறொன்று பட்டது. 114 ஏக்கர் நிலம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதில் வீட்டுமனைக் கல் நட முடியாது, பொக்லைன் இறங்க முடியாது. அந்தப் பாதுகாப்பின் நிழலில் ஆவாரையும் பிழைத்திருக்கிறது. தாழிக்காகப் போட்ட வேலி செடிக்கும் வேலியாகிவிட்டது.

வேலிக்கு வெளியே சாலையோரத்தில் ஓர் ஆச்சி, சேலை முந்தியைத் தூளி கட்டிப் பூப் பறித்துக்கொண்டிருந்தார். விரிந்த பூவை மட்டும் காம்புக்கு மேலாகக் கிள்ளினார். மொட்டில் கை வைக்கவில்லை. வெயில் ஏறினால் இதழ் துவண்டுவிடும் என்பதால் காலை எட்டரை மணிக்குள் வேலையை முடித்துவிடுவாராம். வீட்டுத் தார்சாலில் பழைய சேலையை விரித்து நிழலில் உலர்த்துகிறார். “நாலு கிலோ பச்சப் பூ காஞ்சா ஒரு கிலோ தேறாது, ஐயா. நூத்தம்பது ரூவாய்க்கு எடுக்காவ. வாங்குதவன் அத எவ்வளவுக்கு விக்கான்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன்” என்றார். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியை அவரிடமிருந்து எதிர்பார்த்தேன். அவர் சொன்னது முட்டுவலி மாத்திரையைப் பற்றி. கொஞ்சம் தள்ளி நின்ற என்னைப் பார்த்து, “வெறும் வயித்தோட நிக்கியளோ?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மடியிலிருந்து அவித்த பனங்கிழங்கு ஒன்றை ஒடித்துக் கொடுத்தார். நடுவிலுள்ள தும்பை உரித்தெடுத்துவிட்டுத் தின்ன வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

பனையும் ஆவாரையும் இந்தச் சரளையில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போது குறுந்தொகையின் 173ஆம் பாடல் விளங்குகிறது. தன் காதலை ஊரறியச் சொல்ல மடலேறுகிற தலைவன் பனைமடலால் செய்த குதிரைக்கு, ஆவிரை என்று பாடல் சொல்லும் ஆவாரையின் புதுமலர் தொடுத்த மாலையைச் சூட்டுகிறான். அந்த மாலைக்கு மல்லிகையையோ தாமரையையோ கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. ஆவிரை எருக்கையும் பூளையையும்போல ஊர்ப்புறத்தில் வேண்டுவார் இன்றிக் கிடக்கும் பூ. பெண்கள் கூந்தலில் சூடுவதில்லை. நாணத்தை விட்டுவிட்டேன் என்று தெருவறிய அறிவிக்க வந்தவனுக்கு அதுவே பொருத்தம். குதிரை, மாலை இரண்டுக்குமான பொருளை ஊர் எல்லையில் ஒரே இடத்தில் அவன் சேகரித்துக்கொண்டிருக்கலாம். தெலங்கானாவில் நிலைமை வேறு. அங்கே இதே பூ பதுகம்மாப் பண்டிகைத் தட்டின் முதன்மையான பூ; மாநில மலரும் இதுவே.

மதியம் பாதயாத்திரைக்காரர்களுக்காகச் சாலையோரத்தில் பந்தலிட்டுச் சோறு போட்டார்கள். நான் பச்சை வேட்டி கட்டவில்லையே என்று ஒதுங்கி நின்றபோது ஓர் இளைஞர் இலையை என் முன்னால் விரித்துவிட்டார். சாம்பார் சோறு, தயிர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். உண்டியல் எதுவும் கண்ணில் படவில்லை.

ஜனவரி 23, வியாழன்: திருநெல்வேலி டவுன்

விடியற்காலை தொடங்கிய மழை மாலை வரை விடவில்லை. தை மாதத்தில் இத்தனை மழையை எதிர்பார்க்காததால் குடை இல்லை. நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய குடை, சந்திப் பிள்ளையார் முக்கு வருவதற்குள் கம்பி கழன்றது.

ஒரு நாட்டுமருந்துக் கடையில் உலர்ந்த ஆவாரம்பூ நூறு கிராம் அறுபது ரூபாய் என்று வாங்கினேன். அறைக்கு வந்து தாளில் கொட்டிப் பார்த்ததில் பாதிக்குமேல் இலைத்துண்டும் காம்பும். மஞ்சள் இதழ்களிலும் சில மிகப் பெரியவை, நரம்பு வேறு விதமானவை. கொன்றைப் பூவாக இருக்கும். ஆவாரை, கொன்றை, தகரை, நிலாவாரை எல்லாம் நெருங்கிய சொந்தங்கள். பூக்கள் உலர்ந்தபின் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நேற்றைய ஆச்சி காம்புக்கு மேலே பார்த்துப் பார்த்துக் கிள்ளியது நினைவுக்கு வந்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது. கிலோ நூற்றைம்பதுக்கு வாங்குவது அறுநூறுக்கு விற்பதில் தவறில்லை. அதோடு காம்பையும் சேர்த்து விற்பதுதான் உறுத்துகிறது.

இரவு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கிடைத்தன. மழைக்கு அது போதும்.

ஜனவரி 24, வெள்ளி: நாங்குநேரி, விஜயநாராயணம்

நாங்குநேரியிலிருந்து கிழக்கே போகிற சாலையில் சிவப்பும் வெள்ளையும் அடித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு மனைப்பிரிவின் நுழைவாயில் வளைவுக்குக் கீழே பொக்லைன் வேலை செய்துகொண்டிருந்தது. வேரோடு புரட்டிய ஆவாரையைக் குவித்திருந்தார்கள். குவியலில் இருந்த செடிகளிலும் பூ வாடாமல்தான் இருந்தது. அதன் ஆணிவேரின் நீளத்தை முழுதாகப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது ஒன்றே: செடியின் உயரத்துக்குக் குறையாத நீளம், கருத்த பட்டை, பக்கவேர் குறைவு. வேரில் முடிச்சுகள் இருக்கின்றனவா என்று உரசிப் பார்த்தேன். இல்லை. அவரைக் குடும்பம் என்றாலே காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்க்கும் என்று பள்ளியில் படித்ததை எல்லாவற்றுக்கும் பொருத்திவிட முடியாது. ஆவாரையின் இனத்தில் பொதுவாக அந்த முடிச்சுகள் உண்டாவதில்லை. அதே வரப்பில் ஊதாப் பூ பூத்துக் கிடந்த கொழுஞ்சியைப் பிடுங்கினால் வேர் நெடுகிலும் முடிச்சுகள் தெரிகின்றன.

விஜயநாராயணம் பெரியகுளத்தின் கரையில் பிசானப் பருவ நெற்பயிருக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “முடிச்சு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? எங்க அப்பா காலத்துல ஆவாரந்தழைய வண்டி வண்டியா வெட்டி நடவுக்கு முன்ன மிதிச்சிருக்கோம். உவரடிச்ச வயலுக்கு அதுபோல வராது. இப்ப வெட்ட ஆளும் இல்ல, செடியும் கொறஞ்சு போச்சு” என்றார். எங்கே போயிற்று என்று கேட்டதற்குக் குளத்துக்குள் கைநீட்டினார். நீர்ப்பிடிப்பின் மேட்டுப் பகுதி முழுவதும் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட அந்த மரமும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இலையை ஆடு தின்னாது, நெற்றைத் தின்னும். தின்ற விதையைச் சாணத்தோடு ஊர் முழுவதும் விதைத்துவிடும். ஆவாரையின் தட்டையான நெற்றோ காற்றில் சலசலத்துச் செடியடியிலேயே விழுந்துகிடக்கிறது. கடினத் தோலுள்ள அதன் விதை முளைக்கக் காலமும் பிடிக்கிறது. இந்தப் போட்டியில் வெல்வது யார் என்பதில் வியப்பில்லை.

பட்டை உரிக்க ஆள் வருவதுண்டா என்று கேட்டேன். அவருடைய தாத்தா காலத்தோடு அது நின்றுவிட்டதாம். தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. உரித்த பட்டையை ஊறவைத்த துவர்நீரில் பதப்படுத்திய தோல்தான் கப்பலேறியது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. குரோமிய உப்பும் வந்தது. வாட்டிலும் அவரைக் குடும்பம்தான். அதை இங்கேயே வளர்க்கலாம் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டதன் விளைவை மலைப் புல்வெளிகள் இன்றும் அனுபவிக்கின்றன. சமவெளியில் காசின்றிக் கிடந்த பட்டையை விட்டுவிட்டு மலையைக் கெடுத்துக்கொண்ட கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனால் பட்டைக்கு விலை நீடித்திருந்தால் செடி இவ்வளவுகூட மிஞ்சியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது மூன்றரை மணிப் பேருந்து வரவில்லை. கடைக்காரர் ஒருவர் தன் மகனை பைக்கில் அனுப்பி நாங்குநேரி வரை விட்டுவிட்டு வரச் சொன்னார். பெட்ரோலுக்குப் பணம் நீட்டியபோது அந்தப் பையன், “அப்பா அடிப்பாவ” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 25, சனி: சாத்தான்குளம், குதிரைமொழித் தேரி

நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் வாடகையில் எடுத்த ஸ்கூட்டர், தேரியின் எல்லையில் உடைமுள் குத்திக் காற்றிறங்கியது. உடைமரம் குடை விரித்தாற்போல நிற்கும் அழகான மரந்தான். அதன் வெள்ளை முள்ளுக்கு டயரும் செருப்பும் ஒன்றே. மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன தூரத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பஞ்சர்க் கடைக்காரர் முள்ளை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “ஞாபகத்துக்கு வச்சுக்கிடுங்க” என்றார். எண்பது ரூபாய்.

தேரியின் செம்மணல் மேடு காற்றில் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் உள்ளே பனையும் கொல்லாமரம் எனும் முந்திரியுமே காலூன்றியிருக்கின்றன. மணல் அடங்கி மண் இறுகத் தொடங்கும் விளிம்பில் ஆவாரை மறுபடி தொடங்குகிறது. இங்கே செடி இடுப்பளவுதான், பூவும் சிறுத்திருக்கிறது. இலையடியில் வெளிர்ப்பச்சைப் புழுக்கள் இருந்தன. வெண்பச்சை நிற வண்ணத்துப்பூச்சிகள் செடிக்குச் செடி தயங்கித் தயங்கி முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

அந்த விளிம்பை அடுத்த மானாவாரி நிலத்தில் நிலாவாரை பயிராகி நின்றது. திருநெல்வேலியின் பெயரை உலகத்து மருந்து நூல்களில் ஏற்றியது இந்தச் செடிதான். அரேபியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மலமிளக்கி மூலிகை இந்த மண்ணில் நன்றாக விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் “தின்னவேலி சென்னா” என்றே வணிகப் பெயர் பெற்றது. வந்த செடி ஊர்ப்பெயரைப் பெற்றுக்கொண்டது. ஊர்ச்செடி பெயரில்லாமல் நிற்கிறது. ஆவாரைக்கும் இதற்கும் பூவில் பெரிய வேறுபாடில்லை. செடி குட்டை, சிற்றிலை நீண்டு கூர்மையானது, இலைக்காம்பில் அந்த எறும்புச் சுரப்பி கிடையாது. அதைத் தடவிப் பார்த்தே பிரித்தறியலாம்.

நிலத்துக்காரரும் அவர் மனைவியும் முதல் அறுவடை இலையைக் கொட்டகை நிழலில் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் போட்டால் இலை பழுப்பேறி விலை விழுமாம். கிலோ ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் கேட்கிறார்கள் என்றார். நான் வரப்போரத்து ஆவாரையைப் பற்றிக் கேட்டவுடன், “அதத்தான் நாளைக்கு வெட்டப்போறேன். அதுல உக்காருத பூச்சிதான் இங்கனயும் வந்து முட்ட விடுது. புழு இலய சல்லடையாக்கிருது” என்றார். நியாயமான காரணம்தான், அந்தப் புழுவுக்கு இரண்டு செடியும் ஒரே உணவு. மனைக்கல், சீமைக்கருவேலம் என்று எத்தனையோ பகையைப் பார்த்த செடிக்குத் தன் உறவுக்காரச் செடியாலும் வெட்டு காத்திருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மனைவி தலை நிமிராமலே, “வெட்டுங்க, வெட்டுங்க. புள்ளைக்குத் தலக்கித் தேய்க்க எங்க போய்ப் பூ பறிப்பேன், உங்க நிலாவாரையிலயா?” என்றார். அவர், “அப்ப ரெண்டு செடிய விட்டுட்டு மத்தத வெட்டுதேன்” என்று இறங்கி வந்தார். எந்த இரண்டு என்பதில் அடுத்த வாக்குவாதம் தொடங்கியது. கிணற்றோரம் நிற்பதை விட வேண்டும் என்பது அம்மையாரின் கட்சி. அதுதான் பயிருக்கு மிக அருகில் நிற்பது என்பது அவருடைய கட்சி. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்கக் கடை அடைப்பதற்குள் போயாக வேண்டும் என்று சொல்லி நழுவினேன். “அல்வாவா? கால் கிலோவுக்கு மேல வாங்காதிய, திகட்டிரும்” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.